டீசல் பம்ப்பக் கழட்டாமலே கேலிப்ரேஷன் பில்லு போட்டுட்டாங்க, லாரி வச்சிருக்கவங்க பாத்து இருந்துக்கங்க

நம்ம வண்டி டாட்டா 2515, கம்மின்ஸ் டர்போ இன்ஜின், சங்ககிரில சிமெண்ட் ஏத்திட்டு ஓசூர் போற லைன். போன மாசம் தொப்பூர் மேடு ஏறறப்ப புல்லிங்கே இல்லைங்ணா, எப்பவும் மூணாவது கியர்ல ஏறுற எடத்துல ரெண்டுக்கு வந்துருச்சுன்னு டிரைவர் தம்பி சொன்னான். பைபாஸ்ல, இன்ஜினுக்கு டீசல அளந்து அனுப்பற பம்ப்ப சர்வீஸ் பண்ற ஒரு பம்ப் ரூம்ல விட்டேன். எட்டிப் பாத்ததுமே "பம்ப் போயிருச்சுங்ணா, ஃபுல் கேலிப்ரேஷன் பண்ணணும்"ன்னாரு. அதாவது பம்ப்பக் கழட்டி டெஸ்ட் பெஞ்சுல ஓட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் போற டீசல அளந்து செட் பண்றது. சாயங்காலமே வண்டி ரெடி, 14,000 ரூவா.

ஓட்டுனா நல்லாத்தான் இழுத்துச்சு, அதுலதான் ஏமாந்தேன். ஆக்ஸிலேட்டர மிதிச்சா பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியல அவ்ளோ கரும்புகை, லிட்டருக்கு நாலு குடுத்த வண்டி மூணுக்கு வந்துருச்சு, மேட்டுல ஹீட் முள்ளு வேற ஏறுது.

சந்தேகம் வந்து டார்ச் அடிச்சுப் பாத்தா பம்ப் மவுண்டிங் நட்டு மேல பழைய எண்ணெப் பிசுக்கு அப்படியே கெட்டியா இருக்கு, இன்ஜினுக்குள்ள டீசல் பீச்சற நாசிலுக்குப் போற ஆறு பைப் நட்டுலயும் ஸ்பேனர் பட்ட தடமே இல்ல, ஃபுல் லோடு ஸ்க்ரூவோட லாக் நட்டு மட்டும் பளபளன்னு இருக்கு, அத யாரும் திருகக் கூடாதுன்னு போட்டிருக்கற ஈய சீல் கம்பி வெட்டித் தொங்குது. அதாவது பம்ப்பக் கழட்டவே இல்ல, ஸ்க்ரூவத் திருகி டீசலக் கூட்டி விட்டிருக்காரு, பில்லு மட்டும் கேலிப்ரேஷனுக்கு.

வேற ஒரு வயசான பம்ப் மெக்கானிக்கிட்ட போனேன். இன்ஜினுக்குக் காத்து போற மேனிஃபோல்டுல இருந்து பம்ப் மேல இருக்கற டயாஃப்ரம் மூடிக்கு வர்ற சின்ன காத்துக் குழாயத் தடவிப் பாத்துட்டு, அடிப்பக்கம் கீறல் விட்டிருக்கறதக் காட்டினாரு. டர்போ பிரஷர் அது வழியா வந்து டயாஃப்ரத்த அழுத்தினாத்தான் பம்ப் கூடுதலா டீசல் விடும், காத்து சேராம டீசல் கொட்டிப் புகையாகக் கூடாதுன்னுதான் அந்த செட்டப்பே. குழாய் வெல சில நூறு ரூவா! பழுது அங்க, மொத பம்ப் ரூம்காரரு கை வச்சது ஸ்க்ரூவுல.

இப்ப நெசமாவே கழட்டி பெஞ்சுல ஏத்துனப்ப பக்கத்துலயே நின்னேன். ஆறு கண்ணாடிக் குழாய்லயும் டீசல் ஒரே மட்டத்துல நின்னுச்சு, ஆனா அளவுக்கு மேல. பம்ப்ல கோளாறே கெடையாது. இப்படியே லோடு அடிச்சிருந்தா பிஸ்டன் உருகிருக்கும்னாரு. பம்ப் ரூம்ல விட்டா கழட்டறப்பவும் பெஞ்சுல ஓடறப்பவும் கூட நில்லுங்க, ரீடிங் சீட்டு கேளுங்க, புது சீல் போட்டாச்சான்னு பாருங்க.

மொத பம்ப் ரூம்காரருகிட்ட காசத் திருப்பிக் கேட்டா, "புல்லிங் வந்துச்சா இல்லைங்களா?"ன்னு என்னையவே கேக்கறாரு.