சிங்கப்பூரில் சீன மருத்துவத்தையும் மகப்பேறு மருத்துவத்தையும் சேர்த்துக் கருத்தரிப்புக்குத் தயாரான என் அனுபவம்

சிங்கப்பூரில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதியரில் பலர் மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரையும் பார்க்கிறார்கள், அக்கம்பக்கத்துச் சின்சேயிடமும், அதாவது சீன வைத்தியரிடமும், செல்கிறார்கள். சீனர்கள் மட்டும்தான் அப்படிச் செய்கிறார்கள் என்று நினைத்திருந்த எனக்கு, காத்திருப்பு அறையில் தமிழ்ப் பெண்களும் மலாய்ப் பெண்களும் அமர்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் இது இந்த ஊரின் பொது வழக்கம் என்று புரிந்தது. சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ், இருப்பதாக உறுதியான பின் சுமார் இரண்டாண்டுகள் இரு மருத்துவங்களையும் சேர்த்துப் பின்பற்றினேன். என் மகள் இப்போது நடக்கத் தொடங்கியிருக்கிறாள். எது வேலை செய்தது என்று தோழியர் கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: ஒரு மருத்துவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது. அந்த ஒழுங்கு இருந்தால் இரண்டையும் சேர்ப்பதில் பயன் உண்டு. இல்லையென்றால் சீன மருத்துவத்தைத் தொடாமல் இருப்பதே நல்லது.

முதல் அடி மருத்துவமனையில்தான் வைக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, தைராய்டு போன்ற வேறு காரணங்கள் இல்லை என்று தெளிவான பிறகே பிசிஓஎஸ் என்று முடிவு செய்கிறார்கள். நாடி பிடித்துப் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது. தைராய்டு அளவு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, ருபெல்லா எதிர்ப்பாற்றல், தலசீமியா ஆகியவற்றுக்கு இரத்தம் எடுத்தார்கள். ருபெல்லா தடுப்பூசி போட வேண்டியிருந்தால் அதன்பின் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதால், இந்தப் பரிசோதனையை முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிடும், இன்சுலின் எதிர்ப்புக்காக மெட்ஃபார்மினும் தொடங்கினார்கள். என் கணவரின் விந்துப் பரிசோதனையும் அதே வாரத்தில் நடந்தது. பெண்ணை மட்டும் ஓராண்டு அலைக்கழித்துவிட்டு ஆணைக் கடைசியில் சோதிக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது, அது வருத்தத்துக்குரியது.

சீன வைத்தியரைத் தேர்ந்தெடுப்பதில் சிங்கப்பூரில் ஒரு வசதி உண்டு. 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பாரம்பரியச் சீன மருத்துவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பெயரைக் கொடுத்தால் பதிவேட்டில் எவரும் சரிபார்க்கலாம். 1867இல் தொடங்கப்பட்ட தோங் சாய், 1952இல் தொடங்கப்பட்ட சுங் ஹுவா போன்ற அறநிலையங்கள் இனம் பார்க்காமல் சிகிச்சை தருகின்றன. நான் சென்றது ஒரு சிறிய தனியார் மருந்தகம். அங்கிருந்த மூத்த பெண் வைத்தியர் முதல் நாளிலேயே என் மருத்துவமனை அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படித்தார். அவர்மீது எனக்கு நம்பிக்கை வந்தது அதனால்தான்.

அவர் பார்த்த முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரு மணிக்கட்டுகளையும் ஒரு சிறு மெத்தையின் மேல் மாறி மாறி வைக்கச் சொல்லி, மூன்று விரல்களால் மெல்லவும் அழுத்தியும் நாடி பார்த்தார். நாக்கின் நிறத்தையும் அதன் ஓரத்தில் பதிந்திருந்த பல்தடத்தையும் கவனித்தார். உதிரத்தின் நிறம், கட்டி விழுமா, இரவில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, பாதம் சில்லென்று இருக்குமா, மலம் இறுகுமா இளகுமா என்று கேட்டுக்கொண்டே போனார். மருத்துவமனையில் நேரமில்லாததால் விடுபடும் கேள்விகள் இவை. முடிவில் என் உடல் குளிர்ந்திருப்பதாகவும், சக்தி குறைந்து ஈரம் தேங்கியிருப்பதாகவும் சொன்னார். சூடு, குளிர்ச்சி என்னும் பேச்சு நமக்குப் புதிதல்ல என்றாலும் கணக்கு நம்முடையதோடு ஒத்துப்போகவில்லை. உனக்குச் சூட்டு உடம்பு, இளநீர் குடி, வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிடு என்பார் என் மாமியார்; மாதவிலக்கு நாட்களில் இளநீரும் ஐஸ் போட்ட பானமும் வேண்டாம், இஞ்சி சேர்த்த சூடான உணவே நல்லது என்பார் வைத்தியர். இருவருமே அன்போடுதான் சொன்னார்கள். பெரிய தீங்கில்லாத விஷயம் என்பதால் வைத்தியர் சொன்னதை அந்தச் சில நாட்களிலும் மாமியார் சொன்னதை மற்ற நாட்களிலும் கடைப்பிடித்தேன். வீட்டில் அமைதி நிலவியது.

மருந்து மாதச் சுழற்சியை ஒட்டி மாறும். உதிரம் நின்றபின் இரத்தத்தை வளர்க்கும் மூலிகைகள், நடுவில் ஓட்டத்தைத் தூண்டுபவை, பிற்பாதியில் உடலுக்குச் சூடு தருபவை என்பது அவர்களின் பொதுவான முறை. தாங்குவேய், வேகவைத்த ரெஹ்மானியா, சுவான்சியோங், வெள்ளைப் பியோனி ஆகிய நான்கும் சேர்ந்த பழைய கஷாயமே எனக்குக் கொடுத்த கலவைக்கு அடிப்படை. மண்சட்டியில் காய்ச்சத் தேவையில்லாமல் பொடியாகவே புட்டியில் கிடைத்தது; அளவுக் கரண்டியால் எடுத்து வெந்நீரில் கரைத்தால் செம்பழுப்பாக, முதலில் இனித்துப் பின் நாவின் அடியில் நெடுநேரம் கசப்பு தங்கும். சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்: இரத்தம் வளர்க்கத் தரும் பிசின் கழுதைத் தோலிலிருந்து எடுக்கப்படுவது, மான்கொம்பு சேர்ந்த கலவைகளும் உண்டு. நான் சொன்னவுடன் வைத்தியர் அவற்றை நீக்கித் தாவர மருந்துகளை மட்டும் எழுதினார்.

இனி இரண்டையும் சேர்த்த விதம். ஒரே நோட்டுப்புத்தகத்தில் இடப்பக்கம் மருத்துவமனை மருந்துகள், வலப்பக்கம் மூலிகைகளின் பெயரும் அளவும், கீழே காலை உடல் வெப்பநிலை என்று எழுதி இருவரிடமும் காட்டினேன். மெட்ஃபார்மினுக்கும் மூலிகைப் பொடிக்கும் இடையே இரண்டு மணி நேரம் விட்டேன். மூலிகை தொடங்குமுன்பும் பின்னர் இடைவெளி விட்டும் கல்லீரல் செயல்பாட்டைச் சோதிக்கும்படி மகப்பேறு மருத்துவர் கேட்டுக்கொண்டார். முட்டை வளர லெட்ரோசோல் தொடங்கியதும் மூலிகைகளை முற்றிலும் நிறுத்திவிட வேண்டும் என்றார்; வைத்தியர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் தாங்குவேயைத் தொடவே கூடாது என்பதையும் அவரே எச்சரித்தார். இதற்கு நேர்மாறான ஓர் இடமும் உண்டு. உறவினர் ஒருவர் அழைத்துச் சென்ற வேறொரு மருந்தகத்தில், பெயரொட்டு இல்லாத கறுப்பு உருண்டைகளைக் கொடுத்து, ஆங்கில மருந்தை நிறுத்தினால்தான் இது பலிக்கும் என்றார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்குக் குடும்ப இரகசியம் என்றார்கள். அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ள சீன மூலிகை கலந்ததால் 1990களில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்க மருந்துண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது மருத்துவ வரலாற்றில் பதிவான செய்தி. கருத்தரிக்கத் தயாராகும் பெண்ணின் உடலுக்குள் இரகசியம் எதுவும் போகக்கூடாது; அந்த உருண்டைகளை நான் வாங்கவில்லை.

ஊசி சிகிச்சை குறித்துப் பலர் ஆவலோடு கேட்கிறார்கள். அடிவயிற்றிலும், முழங்காலுக்குக் கீழும், உள்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலேயும் மெல்லிய ஊசிகளைச் செருகி அரைமணி நேரம் படுக்க வைப்பார்கள். செருகும்போது எறும்பு கடித்தாற்போல் இருக்கும். பிறகு ஒரு கனத்த மரமரப்பு பரவும். அன்றிரவு எனக்கு நல்ல உறக்கம் வரும். ஆனால் பிள்ளைப்பேற்றுக்கு அது உதவுமா என்பதற்கான பதிலைச் சீனாவிலேயே தேடியிருக்கிறார்கள். அங்கு 21 மருத்துவமனைகளில் பிசிஓஎஸ் உள்ள 1,000 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. முட்டை வெளிவரத் தூண்டும் குளோமிஃபீன் மாத்திரையோடு உண்மையான ஊசி பெற்றவர்களில் 29.4 விழுக்காட்டினருக்கும், அதே மாத்திரையோடு பெயரளவுக்கு ஊசி பெற்றவர்களில் 28.0 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. மாத்திரையில்லாமல் உண்மையான ஊசி மட்டும் பெற்றவர்களில் அது 13.9 விழுக்காடே. வேறுபாட்டை உண்டாக்கியது மாத்திரை. 2014இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடந்த ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினரும் குளோமிஃபீன் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றார்கள். எனக்கு லெட்ரோசோல் எழுதப்பட்டதன் காரணம் இதுவே.

நான் கருவுற்றது லெட்ரோசோல் எடுத்த ஒரு சுழற்சியில்தான். மூலிகைகள் அதற்கு வழி செய்தனவா என்று கேட்டால், செய்தன என்று சொல்ல என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. மூலிகை எடுத்த மாதங்களில் சுழற்சியின் நீளம் குறைந்தது உண்மை. அதே மாதங்களில் மெட்ஃபார்மினும் எடுத்தேன், உடல் எடையும் குறைந்தது. சீன மருத்துவம் எனக்கு உறுதியாகத் தந்தவை வேறு: பதினோரு மணிக்குள் உறங்கும் பழக்கம், வெளியுணவைக் குறைத்தது, என் உடலை நாள்தோறும் கவனித்து எழுதியது, ஒவ்வொரு மாதமும் ஏமாற்றம் வந்தபோது அவசரமில்லாமல் பேசிய ஒரு மனிதர். விந்து உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆகும் என்று விளக்கி, மூன்று மாதம் புகையை விட்டுப் பாருங்கள் என்று என் கணவரை இணங்க வைத்தவரும் அந்த வைத்தியர்தான். இதை நான் சிறிதாக மதிப்பிடவில்லை.

செலவைப் பொறுத்தவரை, நான் பெற்ற சீன மருத்துவத்துக்கு மெடிசேவை, அதாவது சிங்கப்பூரின் கட்டாய மருத்துவச் சேமிப்புக் கணக்கை, பயன்படுத்த முடியவில்லை, முழுவதும் கைப்பணம். ஐவிஎஃப் போன்ற சிகிச்சைக்கு முதல் சுற்றில் 6,000 வெள்ளி, இரண்டாவதில் 5,000, அதன்பின் 4,000 என்று மெடிசேவிலிருந்து எடுக்கலாம். தகுதியுள்ள தம்பதியருக்குப் பொது மருத்துவமனைகளில் 75 விழுக்காடு வரை அரசின் இணைநிதியும் கிடைக்கிறது. 35 வயதைக் கடந்தவர்கள் ஆறு மாத முயற்சிக்குப் பின் மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும். முதலில் உடலைத் தேற்றிக்கொள்கிறேன் என்று மூலிகையோடு ஓராண்டைக் கழிப்பது அந்த வயதில் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

மூலிகையை லெட்ரோசோல் தொடங்கியபோதே விட்டுவிட்டேன்; கருவுற்றது உறுதியான அன்றே ஊசியையும் நிறுத்தினேன். பிரசவத்துக்குப் பின் பத்திய மூலிகைகளைத் தொடங்க நினைப்பவர்கள் குழந்தையின் ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அந்தக் குறைபாடுள்ள சிசுக்களுக்குக் கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும் என்ற அச்சத்தால்தான் ஹுவாங் லியன் என்னும் மூலிகைக்குச் சிங்கப்பூரில் 1978 முதல் பல ஆண்டுகள் தடை இருந்தது. தடை நீங்கிய பிறகும், தாய்ப்பால் கொடுக்கும் பெண் அதைக் குறித்து வைத்தியரிடமும் குழந்தை மருத்துவரிடமும் கேட்காமல் எடுக்கக்கூடாது.