பெரம்பூர் மாவு மிஷின்: பிரெட்டுக்கும் அதிரசத்துக்கும் ஒரே இடம்

பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரி பக்கம் குடியிருந்து வீட்டில் கோதுமை பிரெட் சுடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாக்கெட் ஆட்டாவை ஓரமாக வைத்துவிட்டு, லூர்து மாதா கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் இந்த மாவு மிஷினுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கடைக்குப் பெயர் கிடையாது. ஷட்டருக்கு மேல் சுவரில் 'மாவு, மிளகாய், சீயக்காய் அரைத்துத் தரப்படும்' என்று பெயிண்டில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். தெருவுக்குள் நுழைந்ததும் வறுத்த மல்லி வாசனை வழிகாட்டிவிடும்.

நடத்துவது கணவன், மனைவி இருவரும். மிளகாய் மிஷின் அண்ணன் பொறுப்பு. மாவு மிஷின் முழுக்க அக்கா கையில். டப்பாவை நீட்டியதும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எதுக்கு?" சப்பாத்திக்கா, புட்டுக்கா, இடியாப்பத்துக்கா, குழந்தைக் கஞ்சிக்கா என்று தெரியாமல் தானியத்தைத் தொட்டியில் கொட்ட மாட்டார். பதிலுக்குத் தகுந்தபடி கல்லின் இடைவெளியைத் திருகிக் கூட்டுவார், குறைப்பார். இந்தக் கேள்விக்காகவே நான் வேறு எங்கும் போவதில்லை.

பிரெட்டுக்கு என்று முதலில் சொன்னபோது, "பன்னு மாதிரி உப்பணுமா தம்பி? அப்போ நல்லா நைஸா வேணும். ஒரே ஓட்டுல நைஸா விட்டா மாவு சுட்டுடும். முதல்ல கொஞ்சம் கொரகொரன்னு விட்டு, ஆற வெச்சு, ரெண்டாவது ஓட்டு விடறேன். அரை மணி கழிச்சு வாங்க" என்றார். ஒரு பேக்கரி மாஸ்டர் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார். கோதுமையில் பசைத்தன்மை தருவது அதிலுள்ள புரதம். கல் சூடேறி மாவு வெந்துபோனால் அந்தப் புரதம் கெடும், எவ்வளவு பிசைந்தாலும் பிரெட் எழும்பாது. கொரகொரப்பாக இருந்தாலும் சிக்கல்தான். தவிட்டுத் துணுக்குகள் கத்தி மாதிரி மாவின் இழையை அறுத்துவிடும். நைஸாகவும் இருக்க வேண்டும், சூடும் ஏறக் கூடாது. இரண்டு ஓட்டு ஓட்டினால்தான் அது முடியும். துணிக்குழாய் வழியாக விழும் மாவை அவர் இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, திருகைக் கால் சுற்று இறுக்குவதை நின்று பாருங்கள்.

கோதுமை நாம்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும், அங்கே விற்பதில்லை. மளிகைக் கடையில் 'பஞ்சாப் கோதுமை' என்று கேட்டு வாங்குங்கள். சம்பா கோதுமை உப்புமாவுக்கும் பாயசத்துக்கும் அருமையானது, ஆனால் அதன் பசை பிரெட்டைத் தூக்கி நிறுத்தாது. புடைத்து, கல் பொறுக்கிக் கொண்டு போனால் போதும். கழுவினால் நன்றாக வெயிலில் காய வைத்துவிடுங்கள். ஈரம் இருந்தால் கல்லில் அப்பிக்கொள்ளும், அக்கா திருப்பி அனுப்பிவிடுவார்.

எங்கள் வீட்டில் பிரெட் சுட ஆரம்பித்தது அம்மாவுக்காக. அவருக்குச் சர்க்கரை. டாக்டர் மைதாவைக் குறைக்கச் சொன்னதும் பிரவுன் பிரெட் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன். எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது உணவுப் பொருள் லேபிளுக்கான சட்டம். நான் எடுத்துப் பார்த்த பலவற்றில் முதல் பெயர் மைதாதான், பழுப்பு நிறம் கேரமல் நிறமியின் உபயம். 2016இல் பிரெட்டில் பொட்டாசியம் புரோமேட் (மாவு நன்றாக எழும்பச் சேர்க்கும் ரசாயனம், புற்றுநோய் வரவழைக்கலாம் என்ற சந்தேகம் உண்டு) இருப்பதாக ஓர் ஆய்வு வெளியாகி, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதைத் தடை செய்தது நினைவிருக்கலாம். அதற்குப் பிறகு அம்மா கடை பிரெட்டைத் தொடவே யோசித்தார். முழுக்கோதுமை பிரெட் என்றாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும், அதில் சந்தேகம் வேண்டாம். அதனால் இரண்டு துண்டு, கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. அதற்கு மேல் அம்மாவும் கேட்பதில்லை.

இந்த மாவில் நான் செய்கிற முறை இதுதான். 500 கிராம் மாவுக்கு 400 மில்லி தண்ணீர். பாக்கெட் மாவைவிட இது தண்ணீரை அதிகமாகக் குடிக்கும், ஏனென்றால் தவிடு முழுக்க உள்ளே இருக்கிறது. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்துவிடுவேன். தவிடு ஊறி மெத்தென்று ஆகிவிடும், பிசைகிற வேலை பாதி குறையும். அப்புறம் 5 கிராம் ஈஸ்ட், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய். பத்து நிமிடம் பிசைந்தால் மாவு கையை விட்டு வரும். சென்னை வெக்கையில் மாவு மளமளவென்று பொங்கும். மே மாதம் என்றால் ஃபிரிட்ஜ் தண்ணீரில்தான் பிசைகிறேன், இல்லாவிட்டால் புளிப்பு ஏறிவிடும். ஒரு தடவை பொங்கியதும் அமுக்கி, உருட்டி, டின்னில் வைத்து, விளிம்பைத் தொடும்போது ஓவனில் தள்ளிவிட வேண்டும். 200 டிகிரியில் 35, 40 நிமிடம். முழுக்க ஆறிய பிறகே வெட்டுங்கள். சூட்டில் வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும்.

பையன் இப்போது பள்ளிக்கு இந்த பிரெட்டில்தான் சாண்ட்விச் கொண்டு போகிறான். தேங்காய்ச் சட்னி தடவி, நடுவில் வெள்ளரிக்காய் வைத்து.

மிஷினின் முழு அருமை பண்டிகைக் காலத்தில்தான் தெரியும். பெரம்பூரில் எல்லோருடைய பண்டிகையும் இந்த ஒரு ஷட்டர் வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறது. ரம்ஜான் மாதத்தில் ஜமாலியா பக்கத்திலிருந்து நோன்புக் கஞ்சிக்கு அரிசி வரும். அதற்குக் கல்லை நன்றாகத் தளர்த்திவிட்டு நொய்யாக உடைத்துத் தருவார். டிசம்பர் பிறந்தால் அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு. அதைச் சலித்துத் தரச் சொல்லி கோயில் தெரு ஆன்ட்டிகள் கையோடு சல்லடையும் கொண்டு வருவார்கள். கோடையில் மொட்டை மாடி மொட்டை மாடியாகக் காய்ந்த மிளகாயும் மல்லியும் மூட்டை கட்டி வந்து சேரும். அந்த நாட்களில் கடைக்குள் தும்மாமல் யாரும் நிற்க முடியாது.

தீபாவளிக்கு அம்மா நேரில் வருவார். முறுக்கு மாவு விஷயத்தில் அவர் என்னை நம்புவதில்லை. நான்கு பங்கு பச்சரிசி, ஒரு பங்கு உளுந்து. உளுந்தைச் சிவக்காமல், வாசனை வரும் வரை மட்டும் வறுக்க வேண்டும். அரிசியைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். அக்கா டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, "உளுந்து பதமா இருக்கும்மா" என்று சொன்னால் அம்மாவுக்கு அன்றைக்கு அது போதும்.

அதிரச மாவுக்கு ஒரு சின்ன மிஷினைத் தனியாகவே வைத்திருக்கிறார்கள். காய்ந்த மாவு அரைக்கிற கல்லில் ஈர அரிசி போகக் கூடாது, அதிரசத்துக்கோ ஈரம் இருந்தே ஆக வேண்டும். அக்கா அரிசியை ஒரு பிடி அள்ளி, கையை மூடித் திறந்து பார்ப்பார். உள்ளங்கையில் ஒட்ட வேண்டும், ஆனால் தண்ணீர் கசியக் கூடாது. ஈரம் கூடுதல் என்றால் திருப்பி அனுப்புவதில்லை. மூலையில் ஒரு பழைய வேட்டியை விரித்து, ஃபேனுக்கு அடியில் பரப்பிவிட்டு, "கடைக்குப் போயிட்டு வாங்கம்மா, பார்த்துக்கறேன்" என்பார். அதற்குத் தனிக் காசு வாங்கியதில்லை. ஈர மாவை உடனே பாகில் போட்டுவிட வேண்டும் என்பதால், வெல்லத்தைத் தட்டி வைத்துவிட்டுத்தான் அம்மா வீட்டை விட்டுக் கிளம்புவார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உட்கார இடம் கிடையாது. மாவுத் தூசி பறந்துகொண்டே இருக்கும், வீசிங் உள்ளவர்கள் டப்பாவைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பது நல்லது. கரண்ட் போனால் வேலை நின்றுவிடும். முந்தின ஆளின் மாவு கல்லில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். கேழ்வரகுக்குப் பிறகு கோதுமை போட்டால் முதல் பிடி மாவு கறுத்து வரும். அதனால் கோதுமைக்குப் பின்னாலேயே கோதுமை வருகிற மாதிரி வரிசையை அக்காவே மாற்றி வைப்பார். என்றாலும் கோதுமையே ஒத்துக்கொள்ளாத உடம்புக்காரர்கள் தினை, சாமை போன்றவற்றை இங்கே அரைக்க வேண்டாம். அந்த மிச்சமே தொந்தரவு தரும்.

கோதுமைக்குக் கிலோ 15 ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டு ஓட்டு என்றால் இன்னும் 5 ரூபாய். தராசு நம் கண் முன்னால்தான் இருக்கும், ஜிபேயும் உண்டு. ஒரு கிலோவுக்குக் குறைவாகத் தனியாக அரைப்பதில்லை. வாங்கி வந்த மாவு வெதுவெதுப்பாக இருக்கும், அப்படியே மூடி வைத்தால் வியர்த்துக் கட்டி தட்டிவிடும். தட்டில் பரப்பி ஆற வைத்துத்தான் டப்பாவில் போட வேண்டும். கோதுமையின் முளையில் எண்ணெய் இருப்பதால் நாள்பட்டால் மாவு கசக்கும். நான் இரண்டு கிலோவுக்கு மேல் அரைப்பதில்லை, அதையும் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன்.

பிரெட் மாவுக்கு வார நாளில், காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். கல் குளிர்ந்திருக்கும், இரண்டாவது ஓட்டுக்கு அவருக்கும் நேரம் இருக்கும். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், டப்பா வரிசை பக்கத்து வீட்டுப் படி வரை நிற்கும். முறுக்கு மாவைப் பத்து நாள் முன்னாலேயே அரைத்து வைக்கலாம், கெடாது. அதிரச அரிசியை மட்டும் முதல் நாளே சொல்லிவைத்துவிட்டு எடுத்துப் போங்கள், ஈர மிஷினைக் கழுவித் துடைத்துத் தயாராக வைத்திருப்பார்.