தெருமுனைக்கு நாலு கேமரா செட்: வாங்கலாம், அப்படியே மாட்டக் கூடாது

முனையில் சரக்கு, ராத்திரி வீலிங், செல்போன் பறிப்பு என்று அலப்பறை கூடினால், சென்னையில் ராயபுரம், காசிமேடு பக்கம் தெருக்காரர்கள் காசு போட்டு வாங்குவது பெரும்பாலும் இந்த செட்தான்: 2 மெகாபிக்சல் புல்லட் கேமரா நாலு, படத்தைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர், 1 டிபி ஹார்டு டிஸ்க். வீட்டு வாசலுக்கு நல்ல சாமான். தெருவுக்குச் சில மாற்றம் வேண்டும்.

லென்ஸ்தான் பெரிய குறை. நாலும் 2.8 எம்எம். தெரு முழுக்கத் தெரியும், முகம் அடையாளம் தெரிவது சுமார் 10 அடிக்குள்தான். கேமராவே 10 அடி உயரத்தில் இருக்கும்போது கணக்கைப் பாருங்கள். நாலில் இரண்டை 6 எம்எம்மாகக் கேளுங்கள். 25 அடி வரை முகம் பிடிக்கும். மொட்டைமாடியில் ஏற்றினால் உச்சந்தலைதான் பதிவாகும். ராத்திரி நம்பர் பிளேட்? ஹெட்லைட்டில் வெள்ளையாகிவிடும். கடைக்காரர் சத்தியம் செய்தாலும் நம்ப வேண்டாம்.

பகலெல்லாம் ஓடி, இருட்டியதும் கேமரா அணைந்து அணைந்து எரிந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கரண்ட் அதிகம் இழுக்கும். நீள ஒயரில் 12 வோல்ட் இறங்கிவிடும். அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வையுங்கள். உப்புக்காற்றில் கேமரா ஒயரைச் செருகும் பிஎன்சி முனை பச்சை பூத்துப் படத்தில் கோடு விழும். இணைப்பெல்லாம் மூடிய பெட்டிக்குள், ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்.

ஒரு கேமராவுக்குப் பதிவு வேகம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் நாலுக்கும் ஒரு நாளைக்கு 86 ஜிபி. 1 டிபி 11 நாளில் நிரம்பிப் பழையது அழியும். புகார் எழுதி, ஸ்டேஷனில் இருந்து வந்து கேட்பதற்குள் காணாமல் போகும். 2 டிபி போடுங்கள். சம்பவம் நடந்த அன்றே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். டிவிஆர் கடிகாரத்தை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். கோர்ட்டுக்குப் போனால் 2023 பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4)-இன் கீழ், அந்த மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும்.

குடிக்கிற கூட்டத்தை இது கலைக்காது, வெளிச்சம்தான் ஓரளவு கலைக்கும். எரியாத தெருவிளக்குக்கு மாநகராட்சியின் 1913 என்ற போன் எண்ணில் கம்ப எண்ணோடு புகார் கொடுங்கள். அடிதடி நடக்கும்போது 112.

பாஸ்வேர்டை வாங்கிய அன்றே மாற்றி, இரண்டு பேரிடம் மட்டும் கொடுங்கள். தெருவுக்கே லைவ் கொடுத்தால், எதிர்வீட்டுப் பெண் எத்தனை மணிக்கு வந்தாள் என்று பார்க்கத்தான் ஆள் சேரும்.