டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டு மேசை பிடிப்பது: பாதி புலம்பல், பாதி பாராட்டு

"முதல் தடவை குழந்தைகளோட ஃப்ளோரிடா போறோம், எந்தெந்த ரெஸ்டாரன்ட் புக் பண்ணணும்?" என்று யாராவது கேட்டால், பதிலுக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது. கேட்டவர் மேல் இல்லை, ரெஸ்டாரன்ட்டுகள் மேலும் இல்லை. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் முன்பதிவு முறை மேல்தான். நான்கு பார்க், ஏகப்பட்ட ஹோட்டல்கள், எல்லாவற்றுக்கும் ஒரே ஆப் என்பதெல்லாம் தெரிந்த விஷயம். அதற்குள் போகவில்லை.

எரிச்சலுக்குக் காரணம் ஒன்றே ஒன்று. உட்கார்ந்து சாப்பிடும் மேசைக்கான புக்கிங் 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. சவாரிகளில் வரிசையைத் தாண்டிப் போக உதவும் லைட்னிங் லேன் மல்டி பாஸையோ, டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாள் முன்புதான் எடுக்க முடியும், மற்றவர்கள் 3 நாள் முன்புதான். அதாவது, நாளின் முக்கிய வேலை என்னவென்று தெரிவதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்னாலேயே, அன்று எத்தனை மணிக்கு, எந்தப் பார்க்கில், எந்த மூலையில் பசிக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நான்கு வயசுப் பிள்ளைக்குப் பசி என்ன அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டா வரும்?

நியாயமாகச் சொன்னால், முன்பு நிலைமை இதைவிட மோசம். 2020 வரை 180 நாள் முன்பே புக்கிங் நடந்தது. பெருந்தொற்றில் மூடிய பார்க்குகள் திரும்பத் திறந்தபோதுதான் அது 60 ஆனது. ஆறு மாதம் இரண்டு மாதமாகக் குறைந்ததற்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். சொல்லியாயிற்று.

இனி கணக்கு. பலரும் தவறுவது இங்கேதான். "60 நாள்" என்றால் இரண்டு மாதம் இல்லை, நாட்களை எண்ண வேண்டும். நவம்பர் 20 வந்து இறங்குகிறீர்கள் என்றால் புக்கிங் திறப்பது செப்டம்பர் 21, 20 இல்லை. டிஸ்னி ஹோட்டலில் ரூம் போட்டவர்களுக்கு ஒரு சலுகை உண்டு: வரும் நாளுக்கு 60 நாள் முன்பே, தங்கும் எல்லா நாட்களுக்கும் (அதிகபட்சம் 10 நாள்) ஒரே காலையில் எடுத்துவிடலாம். வெளியே தங்குபவர்கள் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக 60 நாள் எண்ணி, ஐந்து நாள் பயணத்துக்கு ஐந்து காலை உட்கார வேண்டும்.

இந்தச் சலுகையில் இருந்தே முக்கியமான உத்தி பிறக்கிறது. கிடைக்கக் கஷ்டமான மேசையைப் பயணத்தின் கடைசி நாட்களுக்குப் போடுங்கள். நவம்பர் 20 முதல் 25 வரை தங்குகிறீர்கள் என்றால், செப்டம்பர் 21 அன்று உங்களுக்கு 25-ஆம் தேதியும் திறந்திருக்கும். அது 65 நாள் தள்ளி இருக்கிறது. வெளியே தங்குபவர் அதைத் தொட செப்டம்பர் 26 ஆகிவிடும். ஆகவே அன்று காலை தேட வேண்டிய வரிசை 25, 24, 23 என்று பின்னாலிருந்து முன்னால். 20-ஆம் தேதியில் ஆரம்பித்தால், முன்பே வந்து இறங்கப்போகிறவர்கள் மேய்ந்துவிட்டுப் போன மிச்சம்தான் கிடைக்கும்.

ஆப் வழக்கமாக ஃப்ளோரிடா நேரம் காலை 5:45-இல் இருந்து 6 மணிக்குள் திறக்கும். ஃபோன் வழி 7 மணிக்குத்தான், அதற்குள் நல்லவை போயிருக்கும். இந்தியாவிலிருந்து புக் செய்பவர்கள் கவனிக்க: பயணத் தேதியின் நேர வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள், புக் செய்யும் நாளின் வித்தியாசத்தைப் பாருங்கள். நவம்பர் கடைசியில் அங்கே 6 மணி என்றால் இங்கே மாலை 4:30. ஆனால் செப்டம்பரில் அங்கே கோடை நேரம் ஓடுகிறது, ஆகவே 3:30. நவம்பர் பயணம்தானே என்று 4:30-க்கு உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போச்சு. அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாமே.

முதல் நாளே செய்து வைக்க வேண்டியவை சில. ஆப்பில் லாகின் ஆகி, குடும்பத்தார் பெயர்களைச் சேர்த்து, கிரெடிட் கார்டைச் சேமித்துவிடுங்கள். பெரும்பாலான புக்கிங்குகளுக்குக் கார்டு கேட்கும். மேசை கண்ணில் பட்ட பிறகு பர்ஸைத் தேடினால், திரும்பி வருவதற்குள் மேசை காணாமல் போகும். ஆட்கள் எண்ணிக்கையில் மடியில் உட்காரும் கைக்குழந்தையையும் சேர்க்க வேண்டும். 3 வயசுக்குக் கீழே பஃபேயில் காசு இல்லை, ஆனால் இடம் வேண்டுமே. 3 முதல் 9 வரை குழந்தை விலை. 10 வயசு ஆகிவிட்டால் டிஸ்னிக்கு அவர் பெரியவர். பில்லைப் பார்க்கும் வரை பல அப்பாக்களுக்கு இது தெரிவதில்லை.

ஐந்து பேர் என்று தேடி "இல்லை" என்று வந்தால் அதோடு விடாதீர்கள். இரண்டு, மூன்று என்று பிரித்துத் தேடினால் சில சமயம் பக்கத்துப் பக்கத்து நேரங்களில் கிடைக்கும். அதே மேசை அமையும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். உள்ளே போய் வரவேற்பில் கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

எதை எடுப்பது? முதல் பயணத்தில் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு மிக்கி, இளவரசிகள் எல்லாம் மேசைக்கே வந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும் கேரக்டர் சாப்பாடு ஒன்று கட்டாயம். இதில் கூசாமல் பணம் கொடுக்கலாம், ஏனென்றால் பார்க்குக்குள் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் தனித்தனி வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். கான்டெம்பரரி ஹோட்டலின் ஷெஃப் மிக்கீஸில் மிக்கி, மின்னி, டொனால்ட், கூஃபி, ப்ளூட்டோ வருகிறார்கள். மேஜிக் கிங்டம் பார்க்கில் இருந்து நடந்தே போகலாம். இளவரசிகள் வேண்டும் என்றால் எப்காட் பார்க்கில் நார்வே பகுதியில் அகெர்ஷுஸ். மேஜிக் கிங்டமின் கோட்டைக்குள்ளேயே இருக்கும் சிண்ட்ரெல்லாஸ் ராயல் டேபிள் பெயரும் பெருசு, பில்லும் பெருசு. அகெர்ஷுஸில் குழந்தைக்குக் கிடைக்கும் சந்தோஷம் அதைவிடக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் நேரத்தைப் பார்த்து எடுங்கள். ரிவியெரா ஹோட்டலின் டோபோலினோஸ் டெரஸில் காலையில் மட்டும்தான் மிக்கி கூட்டம். பாலினீஷியனில் உள்ள ஒஹானாவும், பீச் கிளப்பில் உள்ள கேப் மேயும் அதே கதை. இரவுக்கு மேசை கிடைத்ததே என்று துள்ளிக்கொண்டு எடுத்துவிட்டு, பிள்ளையிடம் "மிக்கி வருவார்" என்று வாக்குக் கொடுத்தவர்கள் உண்டு. வருவது மெனு கார்டு மட்டும்தான். மேஜிக் கிங்டமில் உள்ள பீ அவர் கெஸ்ட்டில் பீஸ்ட் கம்பீரமாக ஹாலைச் சுற்றி நடப்பார், மேசை மேசையாக வந்து கையெழுத்துப் போட மாட்டார்.

பஃபே இடங்களில் இன்னொரு சிக்கல். நீங்கள் தட்டை எடுத்துக்கொண்டு போன நேரத்தில் கூஃபி உங்கள் காலி மேசையைத் தாண்டிப் போய்விடுவார். ஒரே நேரத்தில் எல்லோரும் எழுந்து போகாதீர்கள். தவறவிட்டால் பரிமாறுபவரிடம் சொல்லலாம், முடிந்தவரை திரும்பக் கூட்டி வரப் பார்ப்பார்கள்.

இப்போது முதலில் புலம்பிய சிக்கலுக்கு, சவாரிக்கு முன்னால் சாப்பாடு என்ற தலைகீழ் முறைக்கு, வருவோம். சவாரி தெரியாமல் சாப்பாட்டு நேரத்தை எப்படிக் குறிப்பது? எந்தச் சவாரித் திட்டத்தோடும் மோதாத நேரங்களை மட்டும் எடுப்பதுதான் உருப்படியான வழி. பார்க் திறந்த முதல் இரண்டு மணி நேரம் வரிசை குறைவு. ஆகவே பார்க்குக்குள் 9 மணிக் காலை உணவு என்பது பணம் கொடுத்து நல்ல நேரத்தை வீணாக்குவது. அதற்குப் பதில் காலை உணவின் கடைசி நேரங்களை, 10:30 சுற்றுவட்டாரத்தை, எடுங்கள். வரிசை நீளத் தொடங்கும்போது நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். மதிய உணவும் அதிலேயே முடிந்துவிடும். பல பஃபேக்களில் காலை விலை மதியத்தையும் இரவையும் விடக் குறைவு என்பது கூடுதல் லாபம். வேறொன்று, மாலை 4:30 போல அகால நேரம். யாரும் விரும்பாததால் கிடைப்பதும் சுலபம், வெயிலும் மழையும் வாட்டும் நேரத்தில் ஏசியில் இருக்கலாம்.

ஹோட்டல்களில் உள்ள ரெஸ்டாரன்ட்டுக்குப் பார்க் டிக்கெட் வேண்டாம். பெரிய சாப்பாட்டை வந்து சேரும் நாளுக்கோ, இடையில் வரும் ஓய்வு நாளுக்கோ ஒதுக்கிவிட்டால் லைட்னிங் லேன் பற்றிய கவலையே இல்லை. போக்குவரத்தை மட்டும் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஒரு ஹோட்டலில் இருந்து இன்னொரு ஹோட்டலுக்கு டிஸ்னியின் நேரடி பஸ் கிடையாது. ஏதாவது ஒரு பார்க்குக்கோ டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைவீதிக்கோ போய் மாறித்தான் போக வேண்டும். இதற்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டாக்ஸி. அனிமல் கிங்டம் லாட்ஜ் இதில் மிகத் தொலைவு, மோனோரயிலும் போகாது.

அந்தத் தொலைவுக்கும் போகச் சொல்வேன், சைவக்காரர்கள் என்றால் கட்டாயம். லாட்ஜின் கிடானி வில்லேஜ் பகுதியில் உள்ள சனா ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய வாசனை கலந்த இடம். பிரெட் சர்வீஸ் என்று நாண் ரொட்டி முதலானவற்றோடு தொட்டுக்கொள்ள வரிசையாகக் கிண்ணங்கள் வரும். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேயும். இருட்டிய பிறகு போய் மிருகங்களைக் காணோம் என்று குறைப்படக் கூடாது, வெளிச்சம் இருக்கும் நேரத்தில் மேசை எடுக்க வேண்டும். பொதுவாக எல்லா டிஸ்னி மெனுவிலும் 2019-இல் இருந்து இலைச் சின்னம் இருக்கிறது. அது போட்ட உணவில் இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தேன் எதுவும் இருக்காது. ஒஹானா மாதிரி நிலையான விலையில் தட்டுத் தட்டாகக் கொண்டுவரும் இடத்தில் சைவம் கேட்டால் தனியாகச் செய்து தருவார்கள், ஆனால் விலை குறையாது. கறி சாப்பிடாதவர் அந்த விலையைக் கொடுப்பது வயிற்றெரிச்சல்.

ஒவ்வாமை இருந்தால் புக்கிங்கிலேயே குறித்து, அங்கே போனதும் மறுபடி வாயாலும் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் அவர்கள் காட்டும் அக்கறை பாராட்டுக்குரியது.

பாராட்ட வேண்டியது இன்னும் ஒன்று உண்டு, அதுவும் மனசாரவே. ஆப்பில் ரிசர்வேஷனை மாற்றும் வசதி. பழைய மேசையைக் கையில் வைத்துக்கொண்டே புது நேரம் தேடலாம், கிடைத்தால் மாறும், கிடைக்காவிட்டால் பழையது அப்படியே இருக்கும். ரத்து செய்யும் விதியும் தளர்ந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி நேரம் முன்பு வரை காசு பிடிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகோ, போகாமலே விட்டாலோ தலைக்கு 10 டாலர். ஐந்து பேர் என்றால் 50 டாலர், சாப்பிடாத சாப்பாட்டுக்கு. முன்பணம் கட்டும் இடங்களில் விதி கடுமையாக இருக்கலாம், உறுதி செய்யும் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

இந்த இரண்டு மணி நேர விதியால்தான் அன்றைக்கு அன்று மேசைகள் திறக்கின்றன. இரவு 7 மணிக்கு வேண்டும் என்றால் மாலை 4:30-இல் இருந்து ஆப்பைத் தட்டிக்கொண்டிருங்கள், பலர் கைவிடுவது அந்த நேரத்தில்தான். ரெஸ்டாரன்ட் பக்கத்தில் நின்றால் முன்பதிவு இல்லாமல் வருபவர்களுக்கான வாக்-அப் லிஸ்ட் திறந்திருக்கிறதா என்றும் ஆப் காட்டும். எப்காட்டில் விண்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவது போல அமைத்த ஸ்பேஸ் 220 ரெஸ்டாரன்ட்டில் மேசை இல்லை என்றால் அதன் லவுஞ்சைத் தனியாகத் தேடுங்கள், அதே விண்வெளி ஜன்னல்கள்தான், செலவு குறைவு.

பில்லில் ஒரு கண். மெனு விலையில் 6.5% வரி சேராது. 6 பேரோ அதற்கு மேலோ போனால் 18% டிப்ஸ் தானாகவே ஏறிவிடக்கூடும். பார்க்காமல் கீழே இன்னொரு டிப்ஸ் எழுதிவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது.

மற்ற வேளைகளுக்கு, கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் கடைகளில், ஆப்பிலேயே உணவு சொல்லும் மொபைல் ஆர்டர் போதும். நேரத்தைத் தேர்ந்தெடுத்து, கடைக்குப் பக்கத்தில் வந்த பிறகு "வந்துவிட்டேன்" பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாமல் கவுன்ட்டரில் நின்றால் யாரும் சமைக்கத் தொடங்க மாட்டார்கள். மதியம் 12:30-க்கு வேண்டும் என்றால் காலையிலேயே ஆர்டர் போட்டு வைத்துவிடுங்கள்.

ஆக, மாற்றும் வசதி அருமை, ரத்து விதி தாராளம், சாப்பாடும் பெரும்பாலும் குறை சொல்ல முடியாதது. இவ்வளவும் சொன்ன பிறகு மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் போடுவேன். முதல் பயணத்துக்கு இரண்டே இரண்டு மேசை எடுங்கள்: ஒரு கேரக்டர் சாப்பாடு, ஓய்வு நாளில் ஒரு நிதானமான இரவு உணவு. மூன்றாவதாக ஒன்றுக்கு ஆசைப்பட்டால், 7 நாள் முன்பு லைட்னிங் லேன் எடுக்க உட்காரும் காலையில், பிள்ளை இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சவாரியின் நேரம் சரியாக அந்த மேசையின் மேலேயே வந்து விழும். ஆப் இரண்டையும் ஒரே திரையில், ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒன்றுமே நடக்காத மாதிரி காட்டும்.