ஃபயர்பாக்ஸ் டிரபுள்ஷூட் மோடு: ஃபார்மேட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை பக்கத்துப் பிரௌசிங் சென்டர்களிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் ஃபயர்பாக்ஸ் அடிக்கடி தானாக மூடிக்கொண்டால், "ஃபார்மேட் அடிச்சிருவோம் அண்ணாச்சி" என்பதுதான் முதலில் காதில் விழும். முக்கால்வாசி நேரம் அது வேண்டாத சோலி. எது மூடவைக்கிறது என்று பிடிக்கும் வசதிகள் ஃபயர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கின்றன, காசும் கிடையாது. ஆனால் எல்லாமே ஒரே தரம் இல்லை.

பலரும் முதலில் போவது டிரபுள்ஷூட் மோடுக்குத்தான். 2021 வரை இதன் பெயர் சேஃப் மோடு. மெனுவில் ஹெல்ப் போய் எடுக்கலாம். திறப்பதற்குள்ளேயே மூடிக்கொள்கிறது என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி ஐகானைச் சொடுக்கினால் போதும். எக்ஸ்டென்ஷன், தீம், ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் (திரையில் வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் தள்ளிவிடுவது) எல்லாம் தற்காலிகமாக அணைந்துவிடும். இங்கேதான் ஒரு வில்லங்கம். இந்த மோடில் பிரச்சினை நின்றுவிட்டது என்றதும் எக்ஸ்டென்ஷன்மேல் பழியைப் போட்டு எல்லாவற்றையும் அழிப்பார்கள். கிராபிக்ஸ் டிரைவரும் அதே அளவு சந்தேகத்துக்குரியதுதான். ஆகவே சாதாரண மோடுக்குத் திரும்பி, செட்டிங்ஸில் ஜெனரல், அதன் கீழே பெர்ஃபார்மன்ஸ்; அங்கே பரிந்துரை அமைப்பு டிக்கை எடுத்தால் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் டிக் தெரியும். அதை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். நின்றுவிட்டால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டியதுதான், எக்ஸ்டென்ஷன் பாவம்.

நிற்கவில்லையா, அப்போது எக்ஸ்டென்ஷன்களைப் பாதி பாதியாக அணையுங்கள். 16 இருந்தாலும் 4 சுற்றில் ஆள் சிக்கிவிடும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பவர்களுக்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

டிரபுள்ஷூட் மோடின் பெரிய குறை, பிளகின்களை (வீடியோ மாதிரி சில வேலைகளுக்காகத் தனியாகச் சேரும் நிரல்கள்) அது தொடுவதே இல்லை. பழைய ஃப்ளாஷ், ஜாவா பிளகின்களைப் பற்றி இப்போது பேச வேண்டியதில்லை. 2017இல் ஃபயர்பாக்ஸ் 52 ஃப்ளாஷ் தவிர மற்றவற்றை வெளியே தள்ளியது, 2021 ஜனவரியில் 85 ஃப்ளாஷையும் தள்ளிவிட்டது. (இன்னும் ஃப்ளாஷ் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.) மிச்சம் இருப்பவை இரண்டு: வீடியோ அழைப்புக்கான ஓப்பன்எச்264, பணம் கட்டிப் பார்க்கும் படத்தளங்களுக்கான வைட்வைன். படம் ஓடும்போது மட்டும் பிளகின் செயலிழந்தது என்று செய்தி வந்தால், செட்டிங்ஸில் டிஆர்எம் (நகல் எடுக்க முடியாதபடி பூட்டிய) உள்ளடக்கத்தை இயக்கும் டிக்கை எடுங்கள். இறக்கிவைத்த வைட்வைன் கோப்பே அழிந்துவிடும். மறுபடி டிக் போட்டால் புதிதாக இறங்கும்.

என் கணக்கில் உண்மையான கெட்டிக்காரன் வேறு ஒருவன். முகவரிப் பட்டையில் அபவுட்:கிராஷஸ் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். இதுவரை மூடிக்கொண்ட ஒவ்வொன்றுக்கும் தேதியோடு ஒரு வரி இருக்கும். ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவுக்கு அனுப்பிய அறிக்கையைத் திறந்தால் மேலே சிக்னேச்சர் என்று, எந்த இடத்தில் சாய்ந்தது என்று காட்டும் ஒரு பெயர். அதில் ஓஓஎம் என்று தொடங்கினால் மெமரி தீர்ந்துபோனது. 4 ஜிபி கணினியில் முப்பது டேப் திறந்துவைக்கும் இடங்களில் இது சகஜம். ஐஜிடி என்று தொடங்கும் கோப்புப் பெயர் இருந்தால் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர். பிரௌசரோடு வராத ஏதோ ஒரு டி.எல்.எல் (நிரல்கள் தமக்குள் ஏற்றிக்கொள்ளும் விண்டோஸ் துணைக் கோப்பு) பெயர் இருந்தால், வெளியிலிருந்து உள்ளே புகுந்த சரக்கு.

எக்ஸ்டென்ஷன் என்பது ஜாவாஸ்கிரிப்ட். மெமரியைத் தின்னும், இழுக்கவைக்கும், ஆனால் முழுப் பிரௌசரையும் ஒரே அடியில் சாய்ப்பது அபூர்வம். அப்படிச் சாய்ப்பவை ஆன்டிவைரஸ், தமிழ்த் தட்டச்சு மென்பொருள், பிரிண்டர் உதவியாளன் மாதிரியான நிரல்கள் பிரௌசருக்குள் நுழைக்கும் டி.எல்.எல்கள்தான். விண்டோஸில் அபவுட்:தேர்டு-பார்ட்டி பக்கம் இவற்றைப் பெயரோடு வரிசைப்படுத்தும். 110ஆம் பதிப்பிலிருந்து அங்கேயே ஒன்றைத் தடுக்கவும் முடியும். பொத்தானை அழுத்தி மறுபடி திறந்தால் அது உள்ளே வராது.  கண்டபடி தடுத்தால் தமிழ் எழுத்து அடிபடாமல் போகும், ஆகவே ஒரு நேரத்தில் ஒன்று.

ஜிஎஸ்டி, டெண்டர் வேலை பார்க்கும் ஆபீஸ்களுக்குத் தனியாக ஒன்று. டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் மாட்யூல் (டோக்கனோடு பிரௌசரைப் பேசவைக்கும் கோப்பு) எக்ஸ்டென்ஷன் பட்டியலில் தெரியாது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டியின் அடியில் செக்யூரிட்டி டிவைசஸ் என்ற பொத்தானுக்குள் உட்கார்ந்திருக்கும். டோக்கனைச் செருகும்போதோ பிடுங்கும்போதோ மூடிக்கொள்கிறது என்றால் முதலில் இதை அன்லோடு செய்து பாருங்கள். திரும்ப ஏற்றும்போது 64 பிட் ஃபயர்பாக்ஸுக்கு சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள கோப்பு. சிஸ்வாவ்64இல் இருப்பது 32 பிட், ஏறாது. பெயரைப் பார்த்துத் தலைகீழாக எடுப்பவர்கள்தான் அதிகம்.

கடைசி ஆயுதம் ரிஃப்ரெஷ் பொத்தான், அபவுட்:சப்போர்ட் பக்கத்தில் இருக்கிறது. புக்மார்க், பாஸ்வேர்டு, குக்கீ, ஹிஸ்டரி பத்திரமாக இருக்கும். எக்ஸ்டென்ஷன், மாற்றிவைத்த செட்டிங்ஸ், தளங்களுக்குக் கொடுத்த அனுமதி, நீங்கள் சேர்த்த சான்றிதழ், மேலே சொன்ன டோக்கன் மாட்யூல் எல்லாம் போய்விடும். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கடைசித் தேதியன்று மட்டும் இதைத் தொட வேண்டாம். டெஸ்க்டாப்பில் ஓல்டு ஃபயர்பாக்ஸ் டேட்டா என்று ஒரு ஃபோல்டர் விழும். சேமித்த பாஸ்வேர்டுக் கோப்புகளும் அதில் இருக்கும். பொதுக் கணினியில் அதை அப்படியே விட்டுவைப்பது ஆபத்து.

குரோமில் குரோம்://கிராஷஸ், குரோம்://கான்ஃப்ளிக்ட்ஸ் என்று இதே வேலைக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஆனால் டி.எல்.எல்லை அங்கேயே தடுக்கும் வசதி ஃபயர்பாக்ஸின் தனிச் சரக்கு. குறை சொல்வதென்றால், இவ்வளவு நல்ல பக்கங்களை முகவரி தெரிந்தவன் மட்டும் கண்டுபிடிக்கும்படி ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஐந்துக்கு நாலு கொடுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு கிராஷ் பட்டியலில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சிக்னேச்சர் வருகிறது என்றால் பிரௌசரை விட்டுவிடுங்கள். ரன் பெட்டியில் எம்டிஷெட் (mdsched) என்று ஆங்கிலத்தில் அடித்து விண்டோஸின் மெமரிச் சோதனையை ஓட்டுங்கள். பிழை காட்டினால் ரேம் குச்சிகளை ஒன்று ஒன்றாகக் கழற்றி எது கெட்டது என்று பார்க்க வேண்டும்.