பொன்னியின் செல்வன்: புத்தகமா, கைபேசியா, ஒலிநூலா?

கல்கியின் சரித்திர நாவலான பொன்னியின் செல்வனை மூன்று முறை, மூன்று விதமாகப் படித்திருக்கிறேன்: கல்லூரி நாட்களில் நூலகப் புத்தகமாக, பிறகு பஸ் பயணங்களில் கைபேசியில், கடைசியாக ஒலிநூலாக. கதை ஒன்றுதான். சதிதான் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பிடிபட்டது.

அரண்மனைச் சூழ்ச்சிக் கதையில் வாசகருக்கும் ஒரு வேலை உண்டு. யாருக்கு எந்த ரகசியம் எப்போது தெரிந்தது என்று கணக்கு வைத்துக்கொண்டே வர வேண்டும். முதல் பாகத்தின் தொடக்கத்தில் பனைமரச் சின்னம் பொறித்த மூடுபல்லக்கு ஒன்று கதாநாயகன் வந்தியத்தேவனைக் கடந்து போகும். கடம்பூர் மாளிகையின் நடுநிசிக் கூட்டத்தை எட்டியதும், அந்தப் பல்லக்கைப் பற்றி நாம் நினைத்திருந்தது தலைகீழாகும். உடனே கை தானாகப் பின்னோக்கிப் புரட்டும். இந்த இடத்தில் அச்சுப் புத்தகத்தை எதுவும் நெருங்க முடியாது. அந்த வரி இடப்பக்கத்தில் மேலே இருந்தது என்பதுகூடக் கண்ணுக்கு நினைவிருக்கும்.

கனம்தான் தொல்லை. ஐந்து பாகங்கள், 293 அத்தியாயங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' முடித்துவிட்டு நூலகத்துக்குப் போனால், மூன்றாம் பாகமான 'கொலை வாள்' வேறு யார் கையிலோ இருந்தது. மூன்று வாரம் தவித்தேன். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராகப் படித்தவர்கள் சிரிப்பார்கள்! அவர்களுக்குக் கிடைத்தது சராசரியாக வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம்தான். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் இன்று பல பதிப்புகள் கிடைக்கின்றன. விலையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எழுத்தின் அளவையும், தொடருக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். ஐந்தையும் ஒரே தொகுதியில் திணித்த பதிப்பைப் படுத்துக்கொண்டு படித்தால் மார்பில் அம்மிக்கல்.

கைபேசியில் கனமும் இல்லை, காசும் இல்லை. தேடும் வசதியும் இருக்கிறது என்று மகிழ்ந்தேன். 'ஊமை ராணி' முதலில் எங்கே வந்தாள் என்று தேடினேன். பின்னால் வரும் பாகங்களின் வரிகளும் சேர்ந்து வந்து விழுந்தன. மர்மம் அங்கேயே செத்தது. போதாக்குறைக்கு, ஒரே ஆளுக்குப் பல பெயர்கள்: அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர், இளவரசர். எந்தப் பெயரைத் தட்டுவது?

ஒலிநூலைப் பற்றி எனக்கு இரண்டு மனம். வைணவனான ஆழ்வார்க்கடியான் சைவரோடு மல்லுக்கு நிற்பதையும் பாசுரம் பாடுவதையும் காதால் கேட்பதே சுகம். நாகப்பட்டினத்துப் புயலும் வெள்ளமும் அப்படித்தான். ஆனால் நந்தினி? அவள் பேச்சில் எது அன்பு, எது நஞ்சு என்று கடைசிவரை தீர்மானிக்க முடியாமல் தவிப்பதுதான் இந்த நாவலின் பாதி ருசி. நான் கேட்ட பதிவில் வாசித்தவர் அவள் வாய் திறந்ததுமே குரலில் நஞ்சைக் கலந்துவிட்டார். நான் தீர்மானிக்க வேண்டியதை அவரே தீர்மானித்துவிட்டார். சமையலறையில் கேட்டதும் தவறு. கடுகு வெடித்த சத்தத்தில் ஒரு ரகசியம் அடிபட்டுப் போனது.

முதல் வாசிப்புக்கு அச்சுப் புத்தகம்தான் என்பேன். கதை தெரிந்தவர்களுக்கு ஒலிநூல் நல்ல துணை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாத நாட்களுக்குக் கைபேசி போதும், தேடும் பொத்தானைத் தொடாமல் இருக்க முடிந்தால்.

எதை எடுத்தாலும், முடிவுரை இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கதை முடிந்த பிறகு யார் யார் என்ன ஆனார்கள் என்பதற்குக் கல்கியே சொல்லும் பதில் அதில்தான் இருக்கிறது. நான் படித்த நூலகப் பிரதியில் அந்தப் பக்கங்களை யாரோ கிழித்திருந்தார்கள்.