மாணவர் இசைக்காணொளிக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு: ஓர் ஆசிரியரின் மதிப்பீடு

ஊடகப் பாடத்தின் செய்முறைப் பணியாக ஓர் இசைக்காணொளி, அதே பாடகருக்கான ஆல்பம் உறை, வெளியீட்டை அறிவிக்கும் சுவரொட்டி ஆகிய மூன்றையும் ஒரே பருவத்தில் செய்து முடிக்க வேண்டிய மாணவர்களுக்கு எந்தப் படத்தொகுப்பு மென்பொருளைப் பரிந்துரைப்பது என்ற கேள்வி ஆண்டுதோறும் என் முன் வந்து நிற்கிறது. கடந்த பருவத்தில் நான்கு குழுக்களுக்கு பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனத்தின் டாவின்சி ரிசால்வ் மென்பொருளை, அதன் இலவசப் பதிப்பில், தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை பயன்படுத்தச் சொன்னேன். நான்கு குழுக்களும் உரிய நாளில் பணியை ஒப்படைத்தன. அந்த அனுபவத்தைக் கொண்டு சொல்வதானால், இந்த மென்பொருளை மனமாரப் பரிந்துரைக்கிறேன். அதற்கு முதன்மையான காரணம் வெட்டி ஒட்டும் வசதி அன்று. காணொளியும் உறையும் சுவரொட்டியும் ஒரே பாடகரின் ஒரே உலகத்தைச் சேர்ந்தவை என்று பார்ப்பவருக்குத் தோன்றும்படி செய்ய, இதன் வண்ணப் பகுதி மாணவர்களுக்குக் கைகொடுக்கிறது என்பதே காரணம்.

ரிசால்வ் தொடக்கத்தில் திரைப்படங்களுக்கு வண்ணம் சீரமைக்கும் கருவியாகவே இருந்தது. 2009இல் பிளாக்மேஜிக் அதை வாங்கிய பிறகு படத்தொகுப்பு வசதிகள் சேர்ந்தன. 2017இல் வந்த 14ஆம் பதிப்பில் ஒலிக்கான ஃபேர்லைட் பக்கமும், 2018இல் வந்த 15ஆம் பதிப்பில் காட்சி விளைவுகளுக்கான ஃபியூஷன் பக்கமும் இணைந்தன. இலவசப் பதிப்பு சில நாள்களுக்கு மட்டும் தரப்படும் சோதனைப் பதிப்பு அன்று. அதற்குக் காலக்கெடு இல்லை. 3840 × 2160 அளவில், நொடிக்கு 60 பிரேம் வரை காணொளியை வெளியே எடுக்கலாம். மாணவர் பணிக்கு இது தாராளம். இருட்டில் எடுத்த படத்தில் தெரியும் புள்ளி இரைச்சலை நீக்குதல், படச்சுருளின் மணித்தன்மையைச் சேர்க்கும் ஃபிலிம் கிரெய்ன் போன்ற சில விளைவுகள் கட்டணப் பதிப்புக்கு மட்டும் உரியவை. அவற்றை இலவசப் பதிப்பில் போட்டால் படத்தின் மேல் முத்திரை விழும். இருட்டில் படமெடுத்துவிட்டுப் பிறகு இரைச்சலை நீக்கிக்கொள்ளலாம் என்று எண்ணும் குழுவுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் அனுபவத்தில் அந்தக் கட்டுப்பாடு நன்மையாகவே முடிந்தது. விளக்கு இன்றியமையாதது என்பதை மாணவர்கள் படப்பிடிப்புக்கு முன்பே உணர்ந்தார்கள்.

இசைக்காணொளித் தொகுப்பின் உயிர்நாடி உதட்டசைவு. பாடகர் ஒரே பாடலுக்கு நான்கு இடங்களில் வாயசைத்திருப்பார். அந்த நான்கையும் ஒரே ஒலித்தடத்தின் மேல் பிசகின்றிப் பொருத்த வேண்டும். படப்பிடிப்பில் பாடலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, கேமரா அந்த ஒலியையும் பதிவு செய்யும்படி பார்த்துக்கொண்டால், ரிசால்வ் ஒலி அலைவடிவங்களை ஒப்பிட்டு எல்லா டேக்குகளையும் (ஒவ்வொரு முறை எடுத்த பதிவையும்) தானே நேர்ப்படுத்திவிடுகிறது. அவற்றைப் பலகோண கிளிப்பாக மாற்றினால், பாடல் ஓட ஓட ஒவ்வொரு கோணத்தையும் சிறு கட்டங்களில் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே, விரும்பிய கட்டத்தைச் சொடுக்கி வெட்டிச் செல்லலாம். முதன்முறை இதைச் செய்த மாணவி ஒருத்தி, பல்லவி முடிவதற்குள் பதினொரு வெட்டுகளைப் போட்டுவிட்டு, மறுநாள் அவற்றில் ஏழை நீக்கினாள். வேகமாக வெட்டிப் பார்க்க முடிந்ததால்தான் எங்கே வெட்டக்கூடாது என்பது அவளுக்கு விளங்கியது.

தானியங்கிப் பொருத்தத்தை முழுமையாக நம்பிவிடவும் கூடாது. பல்லவி ஒரே பாடலில் மூன்று முறை வரும்போது, பல்லவியை மட்டும் எடுத்த ஒரு டேக் எந்தப் பல்லவிக்கு உரியது என்பதை மென்பொருளால் எப்போதும் அறிய முடியாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் பாடலின் எந்த வரி என்று உரக்கச் சொல்லிக் கைதட்டுவது பழைய வழி. இன்றும் அதுவே பாதுகாப்பு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. அந்த நேரத்தில் ஒலி ஏறத்தாழ 14 மீட்டர் தொலைவே செல்லும். ஒலிபெருக்கி பாடகரின் காலடியிலும் கேமரா திடலின் மறுகோடியிலும் இருந்தால், அலைவடிவம் மிகச் சரியாகப் பொருந்தினாலும் உதடு ஒன்றிரண்டு பிரேம் முந்தியே நிற்கும். அத்தகைய தொலைதூர ஷாட்டுகளைக் கண்ணால் பார்த்துக் கையால் நகர்த்துவதே ஒரே வழி.

ஒரு குழு, சுற்றியுள்ள எல்லாம் மெதுவாக மிதக்க, பாடகி மட்டும் பாடலோடு இயல்பாக வாயசைக்கும் காட்சியை விரும்பியது. அதற்கான முறை எளியது. ஆனால் முதன்முறை கேட்பவருக்கு வியப்பளிக்கும். பாடலை இருமடங்கு வேகத்தில் ஒரு தனிக் கோப்பாக எடுத்துக்கொண்டார்கள். படிக்கட்டில் நின்ற பாடகி அந்த வேகப் பாடலுக்கு, மூச்சு வாங்க வாங்க, வாயசைத்தாள். பின்னால் தோழி காகிதத் துண்டுகளைத் தூவினாள். கேமரா நொடிக்கு 50 பிரேமில் பதிவு செய்தது. ரிசால்வில் அந்த கிளிப்பின் பண்புகளைத் திறந்து, பிரேம் வேகத்தை 25 என்று மாற்றியதும், படம் சரிபாதி வேகத்துக்கு இறங்கியது. உதடுகள் இயல்பான பாடலோடு ஒட்டிக்கொண்டன. காகிதத் துண்டுகள் அவளைச் சுற்றி இறங்க மனமில்லாதவை போல மிதந்தன. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. எந்தப் பிரேமையும் செயற்கையாக உருவாக்காமல் இந்த மென்மை கிடைத்தது என்பதை மாணவர்கள் தங்கள் குறிப்பேட்டில் எழுதியிருந்தது எனக்கு நிறைவளித்தது.

படப்பிடிப்புக்கு முன் உறுதிசெய்ய வேண்டியவற்றில் முதலாவது இந்தப் பிரேம் வேகமே. காட்சிகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் கிளிப்புகளை வைத்துவிட்ட பிறகு அதன் பிரேம் வேகத்தை மாற்ற ரிசால்வ் இடம் தருவதில்லை. ஒரு குழுவில் இரண்டு கைபேசிகள் 25இலும் ஒன்று 30இலும் அமைக்கப்பட்டிருந்ததை நானும் கவனிக்கத் தவறிவிட்டேன். மூன்றாவது கைபேசியின் ஷாட்டுகள் அனைத்திலும் நடனம் நுண்ணியதாகத் திக்கியது. அவற்றுள் பாதியைக் கைவிட வேண்டியதாயிற்று. மேலும், கைபேசிகள் பெரும்பாலும் வெளிச்சத்துக்கேற்ப பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே பதிவு செய்கின்றன. நீண்ட டேக்கில் ஒலியும் உதடும் மெல்ல மெல்ல விலகுவதற்கு அதுவும் காரணமாகலாம். நிலையான வேகத்தில் பதிவு செய்யும் கேமராச் செயலியைப் பயன்படுத்துவது நல்லது. தவறினால், ஹேண்ட்பிரேக் என்னும் இலவசக் கருவியில் நிலையான பிரேம் வேகத்தைத் தெரிவு செய்து மாற்றிய பிறகே ரிசால்வுக்குள் கொண்டுவர வேண்டும்.

இனி வண்ணப் பக்கம். இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு மனம் அடங்காது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு முடிச்சாக, ஒன்றன்பின் ஒன்றாக, திரையில் தெரிகிறது: முதல் முடிச்சில் வெளிச்சச் சமன், இரண்டாவதில் தோல் நிறம், மூன்றாவதில் நிழல்களுக்கு ஏறிய நீலம். ஒரு முடிச்சை அணைத்து மீண்டும் ஏற்றிப் பார்க்கும்போது, தான் எடுத்த முடிவு படத்துக்கு என்ன செய்கிறது என்பதை மாணவர் நேருக்கு நேர் காண்கிறார். தயாராகக் கிடைக்கும் வடிகட்டி ஒன்றைப் போட்டுவிட்டு எழுந்து செல்பவரால் இதைக் கற்கவே முடியாது. முடித்த வண்ணத்தை ஸ்டில்லாக (அசையாப் படமாக) பிடித்து வைத்தால், அதை மற்ற ஷாட்டுகளுக்கும் அப்படியே ஏற்றலாம். அந்த ஸ்டில்லைப் படக்கோப்பாக வெளியேயும் எடுக்கலாம்.

அந்த ஸ்டில்லையே உறையாக்கிவிடலாம் என்று மாணவர்கள் உடனே ஆசைப்படுவார்கள். அங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். குறுந்தட்டின் முன்னுறை 120 மி.மீ. சதுரம். அச்சிட்ட பின் வெட்டி எறியப்படும் வெட்டுவிளிம்பாக நான்கு புறமும் 3 மி.மீ. சேர்த்தால் 126 மி.மீ. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கொண்டால், பக்கத்துக்கு ஏறத்தாழ 1,490 பிக்சல் வேண்டும். 1920 × 1080 அளவிலான பிரேமின் உயரம் 1,080 மட்டுமே என்பதால் அது போதாது. 2,160 உயரமுள்ள பிரேம் போதும். வெளியே எடுக்கும் ஸ்டில், மூலக் காணொளியின் அளவில் வராமல் டைம்லைனின் அளவிலேயே வரும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. ஏ4 சுவரொட்டிக்கோ 2480 × 3508 பிக்சல் தேவை. 3840 × 2160 அளவிலான கிடைமட்டப் பிரேம்கூட அதை நிரப்பாது.

அளவு சரியாக இருந்தாலும் இன்னொரு தடை உண்டு. ஒரு குழு உறைக்கென்று தேர்ந்த பிரேமில், பாடகர் கையை உயர்த்தும் அழகான கணம் இருந்தது. ஓடும்போது அது கூர்மையாகவே தெரிந்தது. நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தபோது விரல்கள் ஐந்தும் ஒரே வெளிர்ப் பட்டையாகக் கலந்திருந்தன. நொடியில் 50இல் ஒரு பங்கு திறந்திருக்கும் ஷட்டரில் அசையும் கை அப்படித்தான் பதியும். காணொளிக்கு அந்த மங்கல் தேவை. உறைக்கு அது பகை. ஆகவே படப்பிடிப்பு நாளிலேயே, அதே உடையில், அதே விளக்கில், உறைக்கும் சுவரொட்டிக்கும் தனியாகப் புகைப்படங்கள் எடுக்க வேண்டும் என்பதே நான் இரண்டாவதாக வலியுறுத்துவது. பிறகு ரிசால்வில் செய்த வண்ணத்தை, நிறமாற்றங்களை அட்டவணையாகச் சேமிக்கும் லட் (LUT) கோப்பாக எடுத்து, டார்க்டேபிள் போன்ற இலவசப் புகைப்பட மென்பொருளில் ஏற்றினால், முழு அளவுப் புகைப்படமும் காணொளியின் நிறத்துக்கு மிக அருகில் வந்துவிடும். ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் செய்த திருத்தங்கள் லட் கோப்பில் வாரா என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எழுத்துகளுக்கு இந்த மென்பொருளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாடகரின் பெயரை இங்க்ஸ்கேப் என்னும் இலவச வரைகலை மென்பொருளில் ஒரே முறை வரைந்து, பின்னணி இல்லாத படமாக எடுத்து, காணொளியின் தொடக்கத்திலும் உறையிலும் சுவரொட்டியிலும் அதையே வைப்பது நல்லது. மூன்று இடத்தில் மூன்று எழுத்துரு வந்துவிடும் அபாயம் அதனால் நீங்குகிறது. அச்சுப் பக்கத்தை ஸ்கிரைபஸ் என்னும் இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் அமைக்கலாம். திரையில் மின்னும் நீலமும் ஊதாவும் அச்சு மையில் மங்கும் என்பதால், அச்சின் நான்கு மைகளில் நிறம் எப்படி வரும் என்று காட்டும் நால்வண்ண முன்னோட்டத்தை இயக்கிப் பார்த்த பிறகே நிறத்தை உறுதிசெய்ய வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ரிசால்வ் கனமான மென்பொருள். 16 ஜிபி நினைவகமும், ஃபியூஷனைப் பயன்படுத்தினால் 32 ஜிபியும் பரிந்துரைக்கப்படுகின்றன. தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத பழைய மடிக்கணினியில் அது தள்ளாடும். பிராக்ஸி எனப்படும் சிறு நகல்களை உருவாக்கித் தொகுத்தால் ஓரளவு சமாளிக்கலாம். எங்கள் குழுக்களில் இரண்டு அப்படித்தான் முடித்தன. லினக்ஸில் இயங்கும் இலவசப் பதிப்பு, கைபேசிகளில் பரவலாகப் பயன்படும் எச்.264 என்னும் காணொளி வடிவத்தைக் கையாளாது. கைபேசிக் காட்சிகளை முதலில் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். இவற்றைவிட மாணவர்களைத் திணறடிப்பது இதன் சேமிப்பு முறை. பணி ஒரு தனிக் கோப்பாக இல்லாமல், மென்பொருளின் தரவுத் தொகுதிக்குள் இருக்கிறது. பென்டிரைவில் காணொளிகளை மட்டும் எடுத்துச் சென்று வேறு கணினியில் திறக்க முயல்பவருக்கு அங்கே ஒன்றுமே இராது. பணியை அதன் காட்சிகளோடு சேர்த்து ஆவணமாக வெளியே எடுக்கும் வசதி உண்டு. அதை முதல் வகுப்பிலேயே, ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு முறை செய்து பார்க்க வேண்டும்.

மதிப்பெண் பெறுவது முடிந்த காணொளி மட்டும் அன்று. அதை அடைந்த வழியும் மதிப்பிடப்படும். அந்த வகையிலும் ரிசால்வ் உதவுகிறது. ஒவ்வொரு வாரமும் டைம்லைனை நகலெடுத்து எண்ணிட்டு வைத்தால், முதல் வரைவுக்கும் ஐந்தாவது வரைவுக்கும் இடையே எது மாறியது, ஏன் மாறியது என்பதைத் திறந்து காட்டலாம். முடிச்சுகளின் திரைப்பிடிப்பு வண்ணத் தேர்வுக்குச் சான்றாகிறது. படிக்கட்டுக் காட்சியை எடுத்த குழு தன் முதல் வரைவையும் பத்திரமாக வைத்திருந்தது. அதில் அந்தக் காட்சி 9 நொடிகள் ஓடியது. ஒப்படைத்த காணொளியில் 22 நொடிகள். கூட்டிய 13 நொடிகளுக்காக நீக்கிய ஷாட்டுகள் எவை என்பதை அக்குழுவின் மாணவி ஒருத்தி இரண்டு டைம்லைன்களையும் மேலும் கீழுமாக வைத்து விளக்கினாள்.